640 டிகிரியில் கரெண்ட் போச்சு

ராணிப்பேட்டை வெயிலில் நானே பாதி உருகிப்போய் லேபுக்கு வந்து, சூடு ஏற ஏற எடை எவ்வளவு குறைகிறது என்று வரைந்து காட்டும் டிஜிஏ மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க 10 மில்லிகிராம் கால்சியம் ஆக்சலேட் வைத்து, நைட்ரஜனைத் திறந்துவிட்டு, நிமிடத்துக்கு 10 டிகிரி ஏறும்படி ஓடவிட்டேன். 200 டிகிரிக்குள் தண்ணீர் போய் எடையில் 12.3 சதவீதம் குறைந்தது, அப்புறம் 500 பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு கழன்று இன்னொரு 19.2. அழகான படிக்கட்டு! கடைசிப் படி கார்பன் டை ஆக்சைடு, 30.1 சதவீதம் இறங்கணும், அது இறங்கப்போகிற நேரம் பார்த்துத்தானா கரெண்ட் போகணும்? யுபிஎஸ் சும்மா ஒரு கத்து கத்திவிட்டு அணைந்துவிட்டது. உலை ஆறும்வரை அந்தக் குட்டிக் கிண்ணத்தைத் தொடவும் முடியாது. "சாம்பிள் தாங்கும் தம்பி, நாமதான் சிதைஞ்சிடுவோம்" என்று மோர் நீட்டினார் பக்கத்து மேசை அண்ணன். சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து.