பதிவேட்டில் இல்லாத ஞாயிறு

ஜூன் 9, செவ்வாய். திருப்பூர்.
அந்த ஞாயிறு இரவு 11 மணிக்கு நம் படங்களை அத்தனை முறை இறக்கியது யார் என்று முதலாளி இன்றும் கேட்டார். வெளியே போன தரவின் அளவு மட்டுமே எனக்குத் தெரியும். நம் படங்களைப் பார்ப்பவர்களுக்கு அனுப்பும் அமேசான் சேவையான கிளவுட்ஃபிரன்ட்டில், யார் எதைக் கேட்டார்கள் என்று குறிக்கும் அணுகல் பதிவை இயக்காமல் விட்டவன் நான்தான்.

ஜூன் 10
பதிவை இயக்க முயன்றபோது, அதைச் சேமிக்க உருவாக்கிய புதிய எஸ்3 பக்கெட்டை (அமேசானின் கோப்புக் கிடங்கு) கிளவுட்ஃபிரன்ட் ஏற்கவில்லை. 2023 ஏப்ரலிலிருந்து புதிய பக்கெட்டுகளில் ஏசிஎல், அதாவது யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல், இயல்பாக அணைந்தே இருக்கும். பழைய முறைப் பதிவில் கோப்புகளை எழுதுவது அமேசானின் தனிக் கணக்கு என்பதால், ஏசிஎல் வழியாக அதற்கு முழு உரிமை கொடுத்தாக வேண்டும். கொடுத்தேன். படங்கள் இருக்கும் பக்கெட்டில் பதிவுகளைக் கலக்கவில்லை.

இரவு. ஒரு கோப்பும் வரவில்லை.

ஜூன் 11
பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் வரும், சில வேளை 24 மணி நேரம் வரை தாமதமாகும் என்று தெரிந்திருந்தும், அரை மணிக்கொரு முறை பக்கெட்டைத் திறந்து பார்த்தேன். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஐயா நூல் ஏற்றி வரும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் நேரத்தையும் நோட்டில் எழுதுகிறார். அந்த ஞாயிறன்று வந்த வண்டிகளும் அதில் இருக்கின்றன, ஆனால் என் வாசலில் நோட்டே இல்லை, இன்று தொடங்கும் பதிவு நேற்றைச் சொல்லாது.

ஜூன் 12
வந்துவிட்டது!
சுருக்கி வைத்த ஜிஜிப் கோப்பை விரித்ததும் ஐபி முகவரி, கேட்ட படம், அனுப்பிய பைட்டுகள் எல்லாம் வரிவரியாக இருந்தன. பல வரிகளில், படத்தை அனுப்பிய சர்வர் இருக்கும் இடமாக எம்ஏஏ என்ற சென்னைக் குறியீடு. பெரும்பாலானவை 'ஹிட்': மூலப் பக்கெட்டைக் கேட்காமல், விளிம்பில், அதாவது கேட்பவருக்கு அருகிலுள்ள சர்வரில், இருந்த நகலே போயிருக்கிறது. படங்கள் இருக்கும் அந்த மூலப் பக்கெட் அமைதியாக இருந்ததால் யாரும் வரவில்லை என்று அன்று நான் எண்ணியது எவ்வளவு பெரிய தவறு! ஹிட் ஆனாலும் வெளியே போகும் பைட்டுகள் கணக்கில் சேரும்.

ஜூன் 13
"ஏந்தம்பி, ஆளு தெரிஞ்சுதா?" முதலாளிதான்.
இல்லைங்க.

ஜூன் 14, ஞாயிறு
கோப்புகளின் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். இரவு 11 மணி அங்கே 17.30. ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் என்ற உறுதி இம்முறையில் இல்லை என்பது நெஞ்சை அரிக்கிறது.

நள்ளிரவு 12.15. பெயரில் 16 என்ற மணியுள்ள கோப்பு வந்திருக்கிறது. நம் இரவு 11 மணி அடங்கிய 17 இன்னும் வரவில்லை.