கல்லைக் கட்டிக் கடலில் போட்டபோது பாடிய பாட்டு

விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் கடலூர் துறைமுகம் வரை போய்விட வேண்டாம். அதற்கு முன்னாலேயே திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வரும். இறங்கி நடந்தால் பாடலீஸ்வரர் கோயில். அத்தையை ஒரு பிரதோஷத்தன்று அங்கே அழைத்துப் போனேன். மாமா தவறியதிலிருந்து அவர் கோயில் பக்கமே போகவில்லை. "சும்மா கூட வரேன், கும்பிடச் சொல்லாதே" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

தலமரம் பாதிரி, அம்பாள் பெரியநாயகி. சம்பந்தரும் அப்பரும் ஆளுக்கு ஒரு பதிகம் பாடிய ஊர். ஆனால் இந்த ஊர் என்றாலே மனதில் நிற்பவர் அப்பர்தான். தீராத வயிற்று வலி வந்து, சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியவர் மேல் பல்லவ மன்னனுக்குக் கோபம். நீற்றறையில் ஏழு நாள் பூட்டி வைத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்ச் சூட்டில் உட்கார்ந்துகொண்டு மாலை நிலாவையும் வீசுகிற தென்றலையும் பாடுகிறார் மனிதர்! பிறகு நஞ்சு கலந்த பாற்சோறு, அப்புறம் யானை. கடைசியில் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். கல்லே தெப்பமாக மிதந்து அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்கிறது பெரியபுராணம். கரையேறவிட்ட குப்பம் என்றே கடலூரில் ஓர் இடம் இருக்கிறது.

கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் 'சொற்றுணை வேதியன்' எடுத்தார். கேதாரகௌளை ராகம். ஒல்லியான மனிதர், தொண்டை கொஞ்சம் கட்டியிருந்தது. தாளத்தைத் தட்டிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார். 'கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும், நற்றுணை ஆவது நமச்சிவாயவே' என்ற இடத்தில் பக்கத்தில் யாருடைய போனோ அலறியது. அவர் நிறுத்தவில்லை, அதே அடியை இன்னொரு தரம், இன்னும் மேலே போய்ப் பாடினார்.

இந்தப் பாட்டில் என்னை உலுக்குவது அது பாடப்பட்ட நேரம்தான். கரை வந்த பிறகு நன்றி சொல்வது யாராலும் முடியும். இது தண்ணீருக்குள் இருக்கும்போதே பாடியது. கரையேறியதும் இந்தச் சந்நிதியில் பாடிய பதிகம் வேறு, 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' என்று தொடங்குவது.

துக்க வீட்டுக்கு வந்து "எல்லாம் நல்லதுக்குத்தான், சிரிச்ச முகமா இரு" என்று உபதேசம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அத்தைக்கும் அப்படி நிறைய பேர் சொல்லியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவர் ஓதுவாரிடம் நேராகவே கேட்டார்: "இவருக்கு முதல்ல வயிற்று வலி வந்துதே, அப்பவும் இப்படிச் சந்தோஷமாத்தான் பாடினாராங்க?"

"இல்லம்மா. அப்ப அழுதாரு" என்றார் ஓதுவார். "பண்ருட்டி பக்கம் திருவதிகையில, அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்து உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. வலி எமனா வந்து நிக்குது, எடுக்க மாட்டேங்கிறியேன்னு சாமிகிட்டயே கேக்கறாரு. அதுதான் அவர் பாடின முதல் பதிகம்."

சொல்லிவிட்டு, கேட்காமலேயே 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று நவரோசு ராகத்தில் தொடங்கினார். 'கொடுமை பல செய்தன நான் அறியேன்' வரும்போது அத்தையின் உதடும் அசைந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததாம். 'ஏற்றாய் அடிக்கே இரவும் பகலும்' என்று வந்ததும் குரலே எழுந்துவிட்டது. சுருதி எங்கேயோ, அத்தை எங்கேயோ. ஓதுவார் தாளத்தைக் கொஞ்சம் மெதுவாக்கி அவருக்கு இடம் கொடுத்தார். அத்தையின் கன்னமெல்லாம் கண்ணீர். ஆனால் பாட்டை விடவில்லை. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த இன்னொண்ணு, 'இன்பமே எந்நாளும் துன்பமில்லை'ன்னு வருமே, அதையும் பாடுங்க" என்றார்.

அர்ச்சனைத் தட்டு வாங்க நான் வெளியே ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வருவதற்குள் பண்ருட்டிக்கு எந்த பஸ், திருவதிகையில் நடை எப்போது திறக்கும் என்று பக்கத்தில் நின்ற அம்மாவிடம் விசாரித்து முடித்திருந்தார்.