கப்போர்டு அடி விளக்கின் சூடு ஒருவழியாக அடங்கியது

எங்கள் சமையலறை மேல் கப்போர்டுகளின் அடியில் ஓடும் எல்இடி ஸ்ட்ரிப்பின் சூட்டைக் குறைக்கும் வேலை நல்லபடியாக வந்திருக்கிறது. அறையின் வெப்பநிலை 33 டிகிரியாக இருந்த ஒரு மாலையில் இரண்டு மணி நேரம் எரியவிட்டு அளந்தபோது, பழைய அமைப்பில் 62 டிகிரியைத் தொட்ட அதே இடம் இப்போது 44 டிகிரியைத் தாண்டவில்லை. அந்தக் கப்போர்டின் கீழ்த்தட்டில் இருக்கும் மிளகாய்த்தூள் டப்பாவின் அடியைத் தொட்டால் இருந்த வெதுவெதுப்பும் போய்விட்டது.

மாடுலர் கிச்சன் போட்டுத் தந்தவர்கள் ஸ்ட்ரிப்பை நேரே மைக்காவின் மேல் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பழைய ஆலசன் விளக்கைப் போல எல்இடி ஒளியோடு சேர்த்துச் சூட்டையும் முன்னால் வீசுவதில்லை என்பது உண்மைதான். ஆனால், அது இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகவே மாறி, அதன் முதுகு வழியாகப் பின்பக்கம் இறங்குகிறது. அங்கே இருப்பது வெப்பத்தை எளிதில் கடத்தாத பிளைவுட் என்பதால், சூடு போக வழியின்றி ஸ்ட்ரிப்பிலேயே தங்கியது. பசை இளகி, அடுப்புப் பக்கத்தில் அது தொங்கத் தொடங்கியிருந்தது.

புதிதாக எடுத்தது 24 வோல்ட், மீட்டருக்கு 120 எல்இடி, 9.6 வாட் ஸ்ட்ரிப். அதே வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஓடும் மின்னோட்டத்தில் பாதிதான் இதில் ஓடும். அதனால் அதே கம்பியில் ஏற்படும் இழப்பு கால் பங்காகிவிடும். ஸ்ட்ரிப் உள்ளே அமரும் பள்ளமான பட்டையான அலுமினியச் சேனல் போட வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் சேனலைப் பிளைவுட்டோடு ஒட்டினாற்போல் முடுக்கிவிட்டால் பயன் பாதிதான் கிடைக்கிறது. ஏனென்றால் அலுமினியம் சூட்டைப் பரப்புமே தவிர, அதை வாங்கிக்கொள்ளக் காற்று வேண்டும். முடுக்கிய நிலையில் 51 டிகிரி காட்டிய சேனல், 10 மில்லிமீட்டர் நைலான் புஷ் வைத்துக் கீழே இறக்கிய பிறகுதான் 44-க்கு வந்தது. கப்போர்டின் முன்விளிம்புப் பட்டை மறைத்துவிடுவதால், இந்த இடைவெளி நின்று பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை.

இந்த வேலையின் உயிர்நாடி, சேனலுக்குள் ஸ்ட்ரிப்பை ஒட்டும் கட்டம். ஒட்டாமல் எழும்பி நிற்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அடியில் காற்று அடைபட்டு, அந்த இடத்து எல்இடி மட்டும் தனியாகக் கொதிக்கும். அறுத்த பிசிறை அரத்தால் ராவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால், கறுப்பு வருவது நிற்கும்வரை சேனலின் உட்பக்கத்தைத் துடைக்க வேண்டும். பின்தாளை ஒரே இழுப்பில் உரித்துவிடாமல் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் உரித்து, அந்தப் பகுதியை அழுத்தியபின் அடுத்ததற்குப் போக வேண்டும். அழுத்தும்போது எல்இடியின் மஞ்சள் முகத்தில் விரல் படக்கூடாது. இரண்டு எல்இடிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில், ரப்பர் துண்டு சுற்றிய மரக்குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்துவதே சரியான வழி. சால்டர் வைத்த முனைகள் பின்னால் புடைத்துக்கொண்டு ஸ்ட்ரிப்பைத் தூக்கிவிடும் என்பதால், கம்பியை மேற்பக்கமாகவே பற்றவைத்தேன். இந்தப் பசை முழுப் பிடிப்புக்கு வர மூன்று நாள் வரை எடுக்கும். அதுவரை விளக்கைப் போடாமல் பொறுத்திருப்பது நல்லது.

அளப்பதிலும் கவனம் தேவை. அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான அலுமினியத்தின் மேல் காட்டினால், உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சிறிதாக வெட்டி ஒட்டி, அது சேனலோடு சேர்ந்து சூடேறியபின் அதன்மேல் அளந்தால் நம்பகமான எண் கிடைக்கிறது.

ஸ்ட்ரிப் வாங்கியது சென்னை ரிச்சி தெருவில். உறையில் அச்சிட்ட வாட்டை அப்படியே நம்பாமல், கடையிலேயே ஒரு மீட்டர் நீள ஸ்ட்ரிப்பை எரியவிட்டு மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். 24 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் வந்தால்தான் அது 9.6 வாட். தாளிக்கும் எண்ணெய்ப் புகை, சேனலை மூடி ஒளியைப் பரப்பும் டிஃப்யூசரில் படிந்து பிசுபிசுக்கும் என்பதால், கழற்றிக் கழுவத் தோதாக அழுத்தி மாட்டும் வகையையே கேட்டு வாங்கினேன். அடுத்து, பாத்திர அலமாரிக்குப் எல்இடி சில்லுகளை நெருக்கமாகப் பதித்த, புள்ளி தெரியாத சிஓபி (COB) ஸ்ட்ரிப் போடும் எண்ணம் இருக்கிறது. அதற்கும் இதே 10 மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் வைக்கப்போகிறேன்.

ஸ்ட்ரிப்புக்கு 24 வோல்ட் தரும் டிரைவரின் இடம் மட்டும் இன்னும் மாறவில்லை. அது இப்போது சிம்னிக்கு மேலே, காற்றில்லாத மூலையில் இருக்கிறது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால், அதை அங்கே விட்டுவைக்க எனக்கு மனமில்லை. தொட்டிப் பக்கத்து லாஃப்டுக்குக் கம்பி இழுத்து, டிரைவரை ஓர் அலுமினியத் தகட்டின் மேல் பொருத்தி, அதன் உடலில், சூட்டை அளப்பதற்கென்றே tc என்று குறித்திருக்கும் புள்ளியில் சூட்டை அளந்தபின் அந்த எண்ணையும் எழுதுகிறேன்.