அப்பாயியின் சதுரக் காசும் வெளிவராத மூன்று பென்ஸும்

அப்பாயியின் வெற்றிலைப் பையில் கிடந்த பழைய இலங்கை ஐந்து சதக் காசு ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. 1944ஆம் ஆண்டுக் காசு. சதுரம், மூலைகள் மட்டும் வளைந்திருக்கும், ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் நடுவில் பெரிய 5. ஹற்றன் பக்கத்தில் எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குக் கரண்ட் வராத காலத்தில், விளக்கைக்கூட ஏற்றாமல் பைக்குள் கையை விட்டு, சதுரமாக இருந்தால் ஐந்து, ஓரம் நெளிநெளியாக இருந்தால் இரண்டு, அதே நெளிவில் பெரிதாக இருந்தால் பத்து என்று சரியாக எடுத்துக் கொடுப்பார்.

அதனால்தான் 1936இல் பிரித்தானிய மன்னராக இருந்த எட்டாம் எட்வர்டின் மூன்று பென்ஸ் காசு என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது. அது ஒரு மாதிரிக் காசு. அதாவது புழக்கத்துக்கு விடுமுன் உருவம், உலோகம், எடை எல்லாம் சரிவருமா என்று பார்க்க அடித்தது. பழைய வெள்ளி மூன்று பென்ஸ் மிகச் சின்னது, கையில் நிற்காது. அதற்குப் பதிலாகப் பித்தளை நிறத்தில், தடவினாலே தெரிகிற பன்னிரண்டு பக்கக் காசைக் கொண்டுவர நினைத்தார்கள். காசு போட்டு இயக்கும் இயந்திரங்களைச் செய்பவர்களிடம் சிலவற்றைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். எல்லாம் திரும்பி வரவில்லை, அப்படித் தங்கிப்போனவைதான் இன்று சேகரிப்பவர்கள் தேடி அலையும் காசுகள்.

முகத்திலும் ஒரு கதை உண்டு. காசில் ஒரு மன்னரின் முகம் இடப்பக்கம் பார்த்தால் அடுத்தவரின் முகம் வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். எட்வர்டின் முறை வலப்பக்கம். அவரோ தன் இடப்பக்க முகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1936 டிசம்பரில் முடியே துறந்துவிட்டார், காசு வெளிவரவேயில்லை.

மாதிரியின் பின்பக்கத்தில் ஒரு பூச்செடி, மேட்ஜ் கிச்சனர் வரைந்தது. அதன் ஆங்கிலப் பெயர் த்ரிஃப்ட், சிக்கனம் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. சில்லறைக் காசுக்கு இதைவிடப் பொருத்தமான செடி எது? முதல் மாதிரியில் அது கடலோரத்தில் தானாக வளர்ந்தது போலவே இருக்கிறது. 1937இல் அடுத்த மன்னர் ஆறாம் ஜோர்ஜின் தலையோடு உண்மையான காசு வந்தபோது, செடி கோடு போட்டு அடுக்கியது போல் மாறிவிட்டது, காசும் தடித்துவிட்டது. கண்ணுக்கு எனக்கு முதல் செடிதான் பிடிக்கும். விரலுக்கு இரண்டாவதுதான் சரி.

2017இல் வந்த ஒரு பவுண் காசுக்கும் அதே பன்னிரண்டு பக்கம். லண்டனிலிருந்து தம்பி ஒன்று கொண்டுவந்தான். அதையும் அப்பாயியின் சதுரக் காசையும் ஒரே பைக்குள் போட்டு, கண்ணை மூடி எடுத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.