அம்மாவின் பெயர் எழுதிய பெட்டி

2005-ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் அலமாரியில் அம்மாவின் பெயர் எழுதிய சிவப்பு நிற அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. ஆறு மாதத்திற்கு வேண்டிய காசநோய் மாத்திரைகள் முழுவதும் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன. அன்றைய முறை அது: சிகிச்சை தொடங்கும்போதே நோயாளியின் பெயரில் ஒரு பெட்டியை ஒதுக்கிவிடுவார்கள், நடுவில் மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்லி யாரும் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. ரேஷன் அட்டையிலும், அவள் சுற்றும் பீடிக்குக் கணக்கெழுதும் பீடிக்கடைப் புத்தகத்திலும் தவிர அம்மாவின் பெயரை வேறெங்கும் எழுதி நான் அதுவரை பார்த்ததில்லை. கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு ஏன் வந்தாய் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் அந்தப் பெட்டியிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம், முக்கூடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும், மதிய வேளையில் திண்ணைகளில் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பது, தகட்டு அளவுக்கு வெட்டுவது, தூளை வைத்துச் சுருட்டுவது, முனையை மடக்கி நூல் கட்டுவது என ஒரு நாளில் ஆயிரம் பீடிக்கு உட்கார்ந்தால் சூரியன் போவதே தெரியாது. அந்தத் தூள் வீட்டின் காற்றிலும் துணியிலும் சோற்றிலும் இருக்கும். அதனால்தான் அம்மாவுக்கு இருமல் வந்தபோது யாருக்கும் அது நோயாகத் தோன்றவில்லை. "பீடி சுத்துதவளுக்கு இருமல் வராம இருக்குமா?" என்று ஆச்சி சொன்னாள், அம்மாவும் அதையே நம்பினாள். பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவர் நான்கு மாதங்கள் ஊசியும் சிரப்பும் கொடுத்தார். ஒருமுறைகூடச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. அம்மாவின் சேலைக் கட்டு வாராவாரம் தளர்ந்துகொண்டே வந்தது.

நோயைக் கண்டுபிடித்தவர் அம்மாவைப் பார்க்க வந்தவரே அல்லர். தம்பிக்கு எடை பார்க்க வந்த எங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியர் நர்ஸம்மா, அடுக்களையிலிருந்து வந்த இருமலைக் கேட்டுவிட்டு, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். மறுநாளே அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது மூன்று முறை சளி கொடுக்க வேண்டும்: போனவுடன் ஒன்று, மறுநாள் காலையில் வீட்டில் எடுத்தது ஒன்று, அதைக் கொண்டுபோகும்போது மற்றொன்று. மூன்றிலும் கிருமி இருந்தது.

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏழு மாத்திரை. முதல் இரண்டு மாதமும் செவிலியரின் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும் என்பது விதி. பகலில் துணை நிலையத்திற்கு நடந்தால் பீடி வேலை கெடும். அதைவிட, பீடிக்கடைக்குச் செய்தி போய்விட்டால் இலையும் தூளும் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்று அம்மா பயந்தாள். அப்பாவும் கேட்பவர்களிடம் சளிக்கட்டு என்றுதான் சொல்லி வைத்திருந்தார். இதையெல்லாம் யாரும் நர்ஸம்மாவிடம் விளக்கவில்லை. அவராகவே புரிந்துகொண்டு, திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடிந்தும் விடியாமலும், தம்பியைப் பார்க்க வருகிறவர் போல வீட்டுக்கு வந்தார். தம்பிக்கு அப்போது நான்கு வயது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஆறு மாதம் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பதால், அவனை எடை பார்த்து, மாத்திரையைப் பாதியாக உடைத்து, கறுப்புக்கட்டித் தண்ணீரில் கரைத்து அவரே புகட்டுவார்.

முதல் வாரத்தில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து அம்மா மிரண்டுவிட்டாள். இரத்தம் போகிறது, இந்த மருந்து வேண்டாம் என்று அழுதாள். அது மருந்தின் நிறம், உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று நர்ஸம்மா சொல்லிவிட்டு, இதை முதல் நாளே சொல்லாதது தன் தவறு என்றும் சொன்னார். அரசாங்க வேலையில் இருக்கும் ஒருவர், பீடி சுற்றும் ஒரு பெண்ணிடம் தன் தவறு என்று சொல்வதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சித்திரை மாதம் ஆச்சியின் ஊரில் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழா வந்தது. அதற்குள் இருமல் நின்று, சோறு இறங்கி, அம்மாவின் முகத்தில் தெளிவு வந்திருந்தது. இனிமேல் வாரம் ஒருமுறை போய், முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு, மீதியை வீட்டுக்கு வாங்கி வந்தால் போதும் என்ற நிலை. கொடைக்குப் போன அம்மா அந்த வாரத்தை விட்டுவிட்டாள். உடம்பு தேறிய பிறகு மருந்து எதற்கு என்ற எண்ணம்தான். நோயாளிகள் மருந்தை நிறுத்துவதற்கு நான் இன்றுவரை அதிகம் கேட்கும் காரணமும் அதுதான். வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்த இரவில், சேரன்மகாதேவிப் பக்கம் இருந்த அந்த ஊருக்குப் பேருந்து பிடித்து, வழி கேட்டுக் கேட்டு, தோளில் பையோடு நர்ஸம்மா வந்து நின்றார். கூட்டத்தின் முன்னால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி வீட்டுப் பின்கட்டில் அம்மாவை உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பெட்டியில இன்னும் பன்னிரண்டு வாரத்து மாத்திரை கெடக்கு. உன் பேரு எழுதியிருக்கு. நான் அதை வேற யாருக்கும்மா குடுக்க?"

அம்மா விழுங்கினாள். நர்ஸம்மா கடைசிப் பேருந்தைப் பிடிக்கத் திரும்பி நடந்தார். மேல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா அவருடன் நிறுத்தம் வரைக்கும் போனார். அப்பா அப்படி யாருக்கும் மரியாதை காட்டி நான் பார்த்ததில்லை. ஆடி பிறந்த பிறகு எடுத்த கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை.

அந்த இரவில்தான் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று முடிவு செய்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் உண்மை அவ்வளவு நேராக இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, பெண்பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைக்கும் என்ற கணக்கும் எங்கள் வீட்டில் இருந்தது. அந்தக் கணக்கில் தவறு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். செவிலியர் வேலையைப் பேசும்போதெல்லாம் சேவை, தியாகம் என்ற சொற்களை முன்னால் நிறுத்துபவர்கள், ஒப்பந்த ஊதியத்தில் ஆண்டுக்கணக்கில் இரவுப்பணி பார்க்கும் பெண்களைப் பற்றியும் பேச வேண்டும். சம்பளம் வேண்டும் என்று நினைப்பதும், ஒரு நோயாளியைத் தேடி அடுத்த ஊருக்குப் போவதும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். நர்ஸம்மாவிடம் இரண்டும் இருந்தன.

துணைச் செவிலியர் பயிற்சி முடித்து, அரசுப் பணி ஆணை வரும்வரை சில ஆண்டுகள் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். அங்கே கைவேலையை நன்றாகக் கற்றேன். ஆனால் ஒன்று என்னை விடாமல் உறுத்தியது: பணம் இல்லாமல் பாதிச் சிகிச்சையில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் அதற்குப் பின் என்ன ஆனார் என்று கேட்கும் பொறுப்பு அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் இல்லை. கட்டில் காலியானதும் அவர் பெயர் அழிந்துவிடும். பொதுச் சுகாதாரம் என்பது எனக்கு எங்கே வேறுபடுகிறது என்று அங்கேதான் விளங்கியது.

பயிற்சியின்போது படித்த ஒரு செய்தியும் அதோடு சேர்ந்துகொண்டது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். நல்ல உணவும் காற்றும் ஓய்வும் தரும் சானடோரியத்தில் சேர்த்தால்தான் காசநோய் குணமாகும் என்று உலகமே நம்பியிருந்த காலம். அந்த மையத்தினர் நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களை நெரிசல் மிகுந்த, உணவும் போதாத அவர்களுடைய வீடுகளிலேயே வைத்தும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் வெளிவந்த முடிவு, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்றும், வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகப் பரவிவிடவில்லை என்றும் காட்டியது. காசநோய்க்காரரைக் குடும்பத்திலிருந்து பிரிக்கத் தேவையில்லை என்பதை உலகத்திற்குக் காட்டியதில் நம் சென்னை வீடுகளுக்குப் பங்கு உண்டு. இதைப் படித்த அன்று, ஆச்சி வீட்டுப் பின்கட்டில் சொம்புத் தண்ணீரோடு அம்மா உட்கார்ந்திருந்ததற்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறதா என்று நெடுநேரம் புத்தகத்தை மூடாமல் இருந்தேன்.

கிராம சுகாதார செவிலியராக நான் பொறுப்பேற்ற பகுதியில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் இருக்கிறார்கள். சமவெளியில் ஒரு துணை நிலையத்திற்கு அதுதான் கணக்கு. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள், புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாட்களில் வீடு வீடாகப் போவது, இரவில் கணினிப் பதிவு. இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில், இரண்டாவது பிள்ளை சுமந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். கொடுத்ததாகப் பதிவேட்டில் குறித்தேன். அவரும் பீடி சுற்றுபவர்தான். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் தலையை ஆட்டுவார்; நானும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். எட்டாம் மாதத்தில் நாலு படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே இருந்தது. கர்ப்பிணிக்கு அது 11-க்குக் குறையக் கூடாது. 108-ஐ வரவழைத்துப் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், இரத்தம் ஏற்றினார்கள், தாயும் பிள்ளையும் நலமாகத் திரும்பினார்கள். பிறகு அவர் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் நான் கொடுத்த அட்டைகள் பிரிக்காமல் அடுக்கி இருந்தன. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்று பயந்து முதல் வாரமே நிறுத்தியிருக்கிறார்.

அம்மாவின் செம்மஞ்சள் சிறுநீரை நேரில் பார்த்து வளர்ந்த நான், இந்தப் பெண்ணிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நோக்கம் நல்லதாக இருந்தால் வேலை தானாக நன்றாக அமைந்துவிடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவரிடம் போய், சொல்லாதது என் தவறு என்று சொன்னேன். இப்போது மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே, கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம், காப்பி டீயோடு சேர்த்து விழுங்க வேண்டாம் என்று சொல்கிறேன். அடுத்த முறை போகும்போது வெறும் அட்டையை எடுத்துக் காட்டச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்திற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி ஓடியபோது, அந்த மாதத்தில் பிரசவ நாள் குறித்திருந்த பெண்களின் பட்டியல் என் கையில் இருந்தது. யார் வீடு தாழ்வில் இருக்கிறது, யாருக்கு முதல் பிரசவம் அறுவைச் சிகிச்சை என்று எனக்குத் தெரிந்திருந்ததால், யாரை முதலில் கூட்டிப் போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா கண் மங்கிய பிறகு பீடி சுற்றுவதை விட்டுவிட்டாள். யார் இருமினாலும் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. போன ஆண்டு என் பகுதியில் கண்டறிந்த காசநோயாளிகளில் ஒருவரை எனக்குக் காட்டிக் கொடுத்தவள் அவள்தான். இப்போது சிவப்புப் பெட்டி இல்லை. எடைக்கு ஏற்றபடி தினமும் சாப்பிடும் கூட்டு மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்த நோயாளியின் அட்டைகளைப் போட்டு வைக்கும் உறையின் மேல் அவர் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

பணி ஆணை கிடைத்த வாரம், ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருந்த நர்ஸம்மாவைத் தேடிப் போனேன். வயதாகியிருந்தார். நான் யார் என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னேன். அம்மாவின் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தவர், ஆணையைக் கையில் வாங்காமலே கேட்டார்: "உன் தம்பி எப்படி இருக்கான்? அப்ப பன்னிரண்டு கிலோதானே இருந்தான்?"