வங்கி விற்கும் வீடும் இரண்டு ஏஜென்ட்டுகளும்

2010, 2011 வாக்கில் அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களான ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கம் வீடு தேடியவர்களுக்கு ஒன்று பழகிப்போயிருந்தது. பட்டியலில் விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் அது பெரும்பாலும் வங்கி ஜப்தி செய்த வீடு. அட்லாண்டா இருக்கும் அமெரிக்க மாநிலமான ஜார்ஜியாவில் ஜப்திக்கு வழக்குப் போட வேண்டியதே இல்லை. நான்கு வாரம் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துவிட்டு, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கவுண்டி நீதிமன்ற வாசலில் ஏலம் விட்டுவிடலாம். ஏலம் எடுப்பவர் முழுப் பணத்தோடு வர வேண்டும். வீட்டுக்குள் போய்ப் பார்க்கவும் வழியில்லை. கடன் எடுத்து வீடு வாங்கும் ஜாதியான எங்களுக்கு அது ஆகாது. ஏலத்தில் போகாமல் வங்கியின் தலையிலேயே விழுந்த வீடுகள்தான் பிறகு ஏஜென்ட் மூலம் சந்தைக்கு வரும். அந்த வீடுகளைத்தான் நாங்கள் பார்த்தோம்.

இந்த வியாபாரத்தின் விசித்திரம், விற்பவர் என்று ஓர் ஆள் இல்லாததுதான். சாதாரண விற்பனையில் வீட்டுக்காரருக்குக் கூரை எங்கே ஒழுகும், எந்தக் குழாய் அடைக்கும் என்று தெரியும். அவர் மறைக்கலாம், ஆனால் தெரியும். வங்கி அந்த வீட்டில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. வங்கியின் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரி வேறு ஏதோ மாநிலத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணில் அது ஒரு கோப்பு எண். உள்ளூரில் வங்கிக்காக விற்கும் ஏஜென்ட்டிடம் இப்படிப் பத்து இருபது வீடுகள் இருக்கும். நிலவறையில் ஈரம் வருமா என்று கேட்டால் "எனக்குத் தெரியாது" என்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு புரிந்தது, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வீட்டைப் பற்றி அவரிடம் கேட்டுப் பயனில்லை. காகிதத்தைப் பற்றிக் கேட்டால் பதில் வரும்: எத்தனை நாளாகப் பட்டியலில் இருக்கிறது, விலையை ஏற்கெனவே குறைத்தார்களா, முன்பு ஒப்பந்தம் போட்டவர்கள் ஏன் விலகினார்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு பெண்மணி சற்றே தயங்கி, "அவர்களுடைய கடன் கிடைக்கவில்லை" என்றார். ஆள் சரியில்லை என்பதால் கடன் கிடைக்கவில்லையா, வீடு சரியில்லை என்பதாலா என்று எங்கள் ஏஜென்ட் உடனே திருப்பிக் கேட்டார். இரண்டாவதுதான்.

இந்த எங்கள் ஏஜென்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சிக்காரர், மென்பொருள் வேலையிலிருந்து இதற்கு வந்தவர், என்னைத் "தம்பி" என்றும் என் மனைவியை "அம்மா" என்றும் அழைப்பார். அவரை வைத்துக்கொள்வதற்கு முன் வங்கித் தரப்பு ஏஜென்ட் ஒருவர் தொலைபேசியில் தேன் ஒழுகப் பேசினார்: தனியாக ஏஜென்ட் எதற்கு, நேரே என்னிடம் வாருங்கள், வங்கி எந்த விலைக்கு இறங்கும் என்று எனக்குத் தெரியும். தெரியும்தான். நாங்கள் எந்த விலைக்கு ஏறுவோம் என்பதும் அவருக்குத் தெரிந்துபோகும் என்பதுதான் சங்கடம். ஜார்ஜியாவில் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் ஒரே ஏஜென்ட் இருவருக்கும் வேலை செய்யலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக நாம் சம்மதிக்க வேண்டியதில்லை. தரகு அப்போது விற்பவர் பணத்திலிருந்தே இரு ஏஜென்ட்டுகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இரண்டு பங்கும் ஒருவருக்கே வரும்போது அந்தத் தேனுக்குக் காரணம் தேட வேண்டாம்.

நம்மவர்களிடையே இன்னொரு வழக்கம் உண்டு. தரகில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் ஏஜென்ட்டையே தேடுவார்கள். புதிதாகக் கட்டிய வீட்டுக்கு அது பாதகமில்லை. ஜப்தி வீட்டுக்கு அப்படிப்பட்டவரை வைத்துக்கொள்வது, என் அபிப்பிராயத்தில், தவறான இடத்தில் காட்டும் சிக்கனம். இங்கே ஏஜென்ட்டுக்கு வேலை அதிகம்.

அந்த வேலை என்ன என்பதை ஒரு வீட்டில் பார்த்தேன். கதவில் தொங்கும் பூட்டுப் பெட்டியைத் திறந்து சாவி எடுத்து உள்ளே நுழைந்தோம். கழிப்பறை மூடியின் மேல் நீல நாடா ஒட்டி, பயன்படுத்தாதீர்கள் என்று அறிவிப்பு. தூக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்புத் திரவம். குளிரில் குழாய் வெடிக்காமலிருக்க நீரை வடித்துவிட்டு ஊற்றிய உறைதடுப்பு மருந்து அது என்றார். நான் அடுத்த அறைக்கு நகர, அவரோ பின்பக்கம் போய் நின்றார். சிமெண்டு மேடை மட்டும் இருந்தது. அதன்மேல் இருக்க வேண்டிய ஏசி இயந்திரம் இல்லை, சுவரிலிருந்து வெட்டப்பட்ட ஒயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "தம்பி, செம்புக்காகக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய கவலை தண்ணீர். குழாயில் நீர் ஓடாமல் எந்தப் பரிசோதகரும் சான்று தர முடியாது. மறுபடி நீர் விடுகிற செலவும் திரும்ப வடிக்கிற செலவும் நம் தலையில்தான். அதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுவோம்" என்றார். அரசுக் காப்புறுதி பெற்ற எஃப்எச்ஏ கடனுக்கு முன்பணம் 3.5 சதவீதம் போதும் என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். உரிந்த பெயிண்ட்டும் இல்லாத அடுப்பும்கூட அந்தக் கடனைத் தடுக்கலாம் என்று சொன்னவரும் அவரே.

விலை பேசுவதும் வேறு மாதிரி. நாம் கேட்ட விலைக்கு வங்கி வாய்மொழியாகச் சரி என்று சொல்லும். பிறகு தன் வழக்கறிஞர்கள் எழுதிய ஒரு கட்டுக் காகிதத்தை அனுப்பும். நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருப்பது எதுவானாலும் இதற்குக் கீழேதான். உள்ளது உள்ளபடி வாங்குகிறேன். நம்மால் பதிவு தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு அபராதம். வங்கியால் தாமதமானால் ஒன்றுமில்லை. இதில் ஒரு வரியையும் மாற்ற விட மாட்டார்கள். ஆனால் பரிசோதனைக்கான நாட்களும் அதற்குள் விலகினால் நாம் கொடுத்த அச்சாரம் திரும்பும் என்ற வரியும் இருக்கின்றனவா என்று எங்கள் ஏஜென்ட் விரல் வைத்துக் காட்டினார். அவை இருந்தால் மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பத்திர விஷயத்தில் ஊர்ப்பழக்கம் கைகொடுத்தது. வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் நிலம் வாங்காத குடும்பத்தில் பிறந்தவன் நான். வங்கி தரும் பத்திரம், தான் சொந்தக்காரனாக இருந்த காலத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கும். 2010 இலையுதிர் காலத்தில், வங்கி ஆட்கள் படிக்காமலே ஆயிரக்கணக்கில் ஜப்திக் காகிதங்களில் கையெழுத்துப் போட்ட விவகாரம் வெளியாகி, பெரிய வங்கிகளே ஜப்தியை நிறுத்திவைத்திருந்த சமயம் அது. வீட்டின் உரிமையில் பிறகு வில்லங்கம் கிளம்பினால் ஈடுகட்டும் உரிமைக் காப்பீட்டில் கடன் கொடுப்பவருக்கான பாலிசி கட்டாயம். வாங்குபவருக்கான பாலிசி விருப்பம். விருப்பம் என்ற பெட்டியில் நாங்கள் டிக் அடித்தோம்.

இப்போது வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 17 முதல், ஏஜென்ட் நம்மை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போவதற்கு முன்பே அவருடைய தரகைக் குறிப்பிட்டு எழுத்து ஒப்பந்தம் போட்டாக வேண்டும். விற்பவர் அதைக் கொடுப்பார் என்ற உத்தரவாதம் இனி இல்லை. ஜப்தி வீடு என்றால் வங்கி எவ்வளவு தரும் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

வழக்கறிஞர் அலுவலகத்தில்தான் பதிவு; ஜார்ஜியாவில் அப்படித்தான். வங்கி தரப்பில் ஒருவரும் வரவில்லை. கையெழுத்தான காகிதங்கள் கூரியரில் வந்திருந்தன. சாவியைக் கொடுத்த கையோடு எங்கள் ஏஜென்ட், "அம்மா, வீட்டுக்குப் போகும் வழியில் புதுப் பூட்டு வாங்கிவிடுங்கள். இந்தச் சாவி இந்தப் பக்கத்து ஜப்தி வீடுகள் பலவற்றையும் திறக்கும்" என்றார். என் மனைவி நம்பவில்லை. பராமரிப்புக்காரர்கள் ஒரே எண் சாவியைப் பல வீடுகளுக்கும் போடுவது இங்கே சகஜம் என்று அவர் சொன்ன பிறகும், சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டு வாங்கத்தான் முதலில் போனோம்.