மாயாவியின் கடைசி எட்டுப் பக்கங்கள்

எங்கள் வீட்டில் ஏழு சித்திரக்கதைப் புத்தகங்கள் மிஞ்சியிருக்கின்றன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரால் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலை விட்டுப் புறப்பட்டபோது, காணி உறுதிகள் இருந்த றங்குப்பெட்டியின் அடியில் அம்மா அவற்றையும் வைத்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே வைத்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரியில் விட்டுப்போனவை எல்லாம் கறையான் மண்ணாகியிருந்தன. இந்தத் தை மாதம் அந்த ஏழையும் ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். கூடவே, அவற்றின் ஆங்கில மூலங்களில் கிடைப்பவற்றை டிஜிட்டல் வடிவில் வாங்கிப் படிக்கிறேன்.

முதலில் எடுத்தது இரும்புக்கை மாயாவி. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் வரத் தொடங்கியபோது முதல் நாயகன் அவர்தான். மூலக்கதை 1962 ஒக்டோபரில் ‘வேலியண்ட்’ என்ற பிரித்தானிய வார இதழில் தொடங்கியது. வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுகூட உதவியாளர் லூயிஸ் கிராண்டெலுக்கு வலது கை இல்லை. அதற்குப் பதில் இரும்புக்கை. உயர் அழுத்த மின்சாரம் உடலில் பாய்ந்தால் இரும்புக்கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும்.

இதை நான் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதன்மேல் அளந்து ஊற்றிய மண்ணெண்ணெய், மூடித் துளையில் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் மாயாவி மின்கம்பியைப் பிடித்து மறைந்துபோவதைப் பார்த்தேன். மறைவதைவிட, அவர் நினைத்த இடத்தில் எல்லாம் மின்சாரம் கிடைத்ததுதான் எனக்குப் பெரிய அதிசயம். இப்போது பத்து அங்குலத் திரையில் அதே கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். விரல்களுக்கு இடையில் பிளாஸ்கோ போட்ட மெல்லிய கோடுகள், இரும்பில் விழுந்த ஒளி, எல்லாம் தெரிகின்றன. என் தமிழ்ப் பிரதியில் அந்த இடம் ஒரே கறுப்பு. கையைக் கையாகக் காணவே எனக்கு முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

முதல் இரண்டு வாரமும் தவறான முறையில் படித்தேன். செயலியில் ஒவ்வொரு கட்டமாகத் திரையை நிரப்பிக் காட்டும் வசதி இருக்கிறது. கைப்பேசியில் படிப்பவர்களுக்கு அது தேவைதான். ஆனால் இந்தக் கதை வாரத்துக்கு இரண்டு பக்கம் என்று வந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு ஆபத்து தொங்கிக்கொண்டிருக்கும், வாசகர் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். கட்டம் கட்டமாகத் தள்ளும்போது அந்த ஆபத்து எங்கே வருகிறது என்பதே தெரியவில்லை, எல்லாம் ஒரே வேகத்தில் ஓடின. அந்த வசதியை நிறுத்திவிட்டு, டேப்லெட்டை நெடுக்காகப் பிடித்து, முழுப் பக்கமாக, நாளுக்கு இரண்டே பக்கம் என்று வைத்தேன். கதைக்கு மூச்சு வந்தது. யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லப்போவது இதைத்தான்.

இடையில் அமெரிக்க நாயகர்கள் பக்கமும் போனேன். 1962இல் ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேன் கதைகளின் டிஜிட்டல் பதிப்பு கண்ணைக் குத்தியது. காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தக் காலத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் ஆளுக்கு நான்கு அளவில் கலந்து 64 நிறங்கள் எடுத்தார்கள். செய்தித்தாள் போன்ற மலிவுத் தாள் மையை உறிஞ்சி மங்கவைக்கும் என்பதால் அழுத்தமாகவே நிறம் போட்டார்கள். அதே நிறம், பின்னாலிருந்து ஒளி வரும் திரையில் கத்துகிறது. திரையின் ஒளியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, இரவு நேரத்து மஞ்சள் சாயலையும் போட்ட பிறகு டிட்கோவின் ஒடிசலான உருவங்கள் தாளில் இருப்பதுபோல அமைதியாகிவிட்டன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லயன் காமிக்ஸ் என்ற தமிழ் இதழில் நாங்கள் விழுந்து விழுந்து படித்த ஸ்பைடர் வேறு ஆள், நியூயார்க்கின் குற்றவுலகையே ஆள நினைத்த வில்லன். அந்தக் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெரி சீகல் என்று இப்போதுதான் அறிந்தேன். 1938இல் முதலில் வெளிவந்த சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! சூப்பர்மேனைப் பெரிதாகக் கண்டிராத நாங்கள், அவரைப் படைத்தவரின் எழுத்தை ஆண்டுக்கணக்காகத் தமிழில் படித்திருக்கிறோம். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஸ்கேன் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. முதல் புத்தகத்தில் துருப்பிடித்த கம்பியைக் கழற்றாமல் விரித்து, நடுப்பக்கம் கிழிந்துவிட்டது. இப்போது கம்பியை நிமிர்த்தி மெல்ல எடுத்துவிட்டு, தாள்களைத் தனித்தனியாக வைக்கிறேன். மெல்லிய தாளில் மறுபக்கத்துப் படம் ஊடுருவித் தெரிந்தது. பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் அது அடங்கிவிடுகிறது. கோப்புகளுக்கு 001, 002 என்று மூன்று இலக்கத்தில் பெயரிட வேண்டும், இல்லாவிட்டால் சில செயலிகளில் 10ஆம் பக்கம் 2ஆம் பக்கத்துக்கு முன்னால் வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரு ஸிப் கோப்பாக்கிப் பெயரின் முடிவை சிபிஸட் (.cbz) என்று மாற்றினால் சித்திரக்கதைச் செயலிகள் திறக்கின்றன. தாளின் பழுப்பை வெள்ளையாக்கிப் பார்த்தேன். தங்கச்சி எட்டிப் பார்த்து, “அண்ணா, இது எங்கள் புத்தகம் மாதிரி இல்லையே” என்றாள். பழுப்பை அப்படியே விட்டுவிட்டேன். இராமபாணப் பூச்சி அரித்த துளைகளையும் மூடவில்லை.

மாயாவிப் பிரதியில் கடைசி எட்டுப் பக்கங்கள் மாமா வைத்திருந்த காலத்திலேயே போய்விட்டன. முடிவை எங்களுக்குச் சொன்னவர் பக்கத்து வளவு அண்ணா. கீரிமலைக் கடல் மாதிரி ஒரு கடலில் மாயாவி குதிக்கிறார், தண்ணீரில் இரும்புக்கை மட்டும் மின்னி மறைகிறது என்றார். அதைத்தான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். போன வாரம், 2021இல் வெளிவந்த ஆங்கிலத் தொகுப்பில் அந்த முதல் கதையின் முடிவுக்கு வந்து சேர்ந்தேன். அப்படி ஒரு கடலே இல்லை.

அந்த அண்ணா இப்போது கனடாவில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “நானும் அந்தப் பக்கங்களைக் காணவில்லையடா. நீங்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள், ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது” என்றார்.

என் கோப்பில் அந்த எட்டுப் பக்கங்களின் இடத்தில் வெற்றுத் தாள் ஒன்றைச் சேர்த்து, அவர் சொன்ன முடிவைக் கையால் எழுதி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். நான்கு புத்தகங்கள் முடிந்தன. ஐந்தாவதின் கம்பியைக் கழற்றித் தாள்களை மேசையில் பரப்பியிருக்கிறேன்.